‘ஃபேர்’ என்னும் இங்கிலீஷ் வார்த்தை

இங்கிலீஷ் பாஷையில் ‘ஃபேர்’ என்று ஒரு சிறு வார்த்தை உண்டு. நேயர்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்து ‘ஃபேர் நோட்’டினால் அது அறிமுகமாகியிருக்கும். ஆதியில் கண்ணுக்கு இனியது என்பதே அதன் அர்த்தம். பிற்பாடு மப்பில்லாத வானத்துக்கும், அடித்தல் திருத்தலற்ற பிரதிக்கும், நெஞ்சில் ஈரமில்லாத இச்சகப் பேச்சுக்கும் அது வழங்கலாயிற்று. பரீக்ஷை எழுதிய பிள்ளைக்கு உபாத்தியாயர் ‘ஃபேர்’ என்று குறித்தாலோ, சுமார் என்று பொருள்; தகப்பனார் மகிழ வேண்டியதில்லை. தாக்கரே 1848-ல் எழுதி முடித்த ‘வானிட்டி ஃபேர்’ நாவலின் பெயரிலுள்ளது, லத்தீன் வழிவந்து சந்தையைக் குறிக்கும் வேறொரு சொல்.

இவற்றால் நமக்கு நஷ்டமொன்றுமில்லை. கோர்ட்டில் பக்ஷபாதமற்ற விசாரணையைக் கோரும்போது வக்கீல்களாகிய நாம் உச்சரிப்பதும், ஒருத்தியின் மேனி வெண்மையைப் புகழ்வோர் உச்சரிப்பதும் அதே வார்த்தையாயிருப்பதே கவனிக்கத்தக்கது. ஷேக்ஸ்பியர் இந்தப் பின்னலை நன்கறிந்தவர். ‘ஒதெல்லோ’ நாடகத்தில், கறுத்த மருமகனை வெறுக்கும் மாமனாரைத் தேற்ற வந்த வெனிஸ் அதிபதி, குணத்தைக் கணக்கிட்டால் அவனும் ‘ஃபேர்’தான் என்ற கருத்துப்படப் பேசுகிறான். மெச்சுவதுதான், ஆனால் கறுப்பனுக்கு நற்சாட்சி கொடுக்கவும் வெள்ளை நிறத்தையே இரவல் வாங்க வேண்டியிருந்ததைப் பாருங்கள்! 1609-ல் அச்சான தமது ஸானெட்டுகளிலோ அக்கவியே கருங்கண்ணாள் ஒருத்தியைப் பாடி, கறுப்பே அழகென்று வாதாடுகிறார்.

தமிழில் நியாயம் வேறு, நிறம் வேறு. ‘நியாய விலைக் கடை’ என்று மொழிபெயர்த்தபோது எவரும் நிறத்தை நினைக்கவில்லை. ஆயினும் நாம் கர்வப்பட இடமில்லை. திருமாலைக் கரியவனென்று கைகூப்பித் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து, ‘பெண் நல்ல நிறமா?’ என்று விசாரிக்கிறோமே, அந்த நல்ல நிறம் எந்த நிறம்? 1975-ல் இந்நாட்டில் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற முகப்பூச்சு, 2020-ல்தான் பெயரிலிருந்து அவ்வார்த்தையைக் களைந்தது. பெயர் மாறிற்று, வியாபாரம் நிற்கவில்லை.

கலியாண விளம்பரங்களில் ‘ஃபேர்’ என்றும் ‘சிவந்த நிறம்’ என்றும் அச்சிட்டுக் கட்டணம் பெற்றவர்களில் நாமும் ஒருவரே, அதை மறைப்பதற்கில்லை. வருகிற தை முதல் தேதியிலிருந்து அவ்விரண்டும் நமது பத்திரிகையின் விளம்பரங்களில் இடம்பெறா. முன்பணம் கட்டியுள்ளவர்கள் இதற்குச் சம்மதியாவிடில், ஆபீஸில் ரசீதைக் காட்டித் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.