கமிஷனைச் சொல்லச் சொல்லுங்கள்

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கு,

வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு மாணவர்களை அனுப்பும் கன்சல்டன்சிகளைப் பதிவுக்கும் பொறுப்புக்கும் உட்படுத்த ஒரு மாநிலச் சட்டம் வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். சென்னை நுங்கம்பாக்கத்திலும் கோவை ஆர்.எஸ்.புரத்திலும் திருச்சி தில்லைநகரிலும் இவர்களின் பெயர்ப்பலகைகளைத் தாண்டாமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. எந்த நாடு, எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று சொல்பவர்கள் இவர்கள். ஆஃபர் லெட்டர் வாங்கித் தருவது, விசா படிவத்தை நிரப்புவது, வங்கிச் சான்றுகளை அடுக்குவது எல்லாம் பெரும்பாலும் இவர்களே. மாணவர் கையெழுத்துப் போடுகிறார். பல குடும்பங்களில் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து வாங்கிய கல்விக் கடன் நிற்கிறது. இவ்வளவு பெரிய முடிவை வழிநடத்துகிறவர், தவறு நடந்தால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்?

விசா கொடுக்கும் நாடுகளுக்கு இதில் குழப்பமில்லை. பதில் சொல்ல வேண்டியவர் விண்ணப்பித்தவர்தான். பொய்யான தகவல் தந்ததாக முடிவானால் கனடா 5 ஆண்டுகளுக்கு உள்ளே விடாது. ஆஸ்திரேலியா 3 ஆண்டுகளும், பிரிட்டன் 10 ஆண்டுகள் வரையும் விசா மறுக்கலாம். தெரிந்தே பொய் சொன்னதாகக் கருதினால் அமெரிக்காவில் அது வாழ்நாள் தடையாகவே ஆகிவிடும். இதன் கொடுமையை 2023-இல் நாடே பார்த்தது. ஜலந்தரில் இயங்கிய ஒரு முகவர் தந்த போலி ஆஃபர் லெட்டரோடு பஞ்சாப் மாணவர்கள் கனடாவுக்குப் போயிருந்தார்கள். அங்கே இறங்கியதும் அந்தக் கல்லூரியில் இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லி வேறு கல்லூரியில் சேரச் சொன்னார்கள். படித்து முடித்து, வேலைக்கும் போய், நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் முதல் கடிதமே போலி என்று அவர்களுக்குத் தெரிந்தது. நாடுகடத்தல் நோட்டீஸ் மாணவர்களின் பெயருக்கே வந்தது. போராட்டங்களுக்குப் பிறகுதான், ஏமாற்றப்பட்டவர்கள் யார் என்று தனித்தனியே ஆராய கனடா ஒப்புக்கொண்டது. அந்த முகவருக்கு 2024 மே மாதம் 3 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அதையும் கனடா நீதிமன்றம்தான் கொடுத்தது.

இதே நாட்டில் வளைகுடாவுக்குப் போகும் ஒரு கொத்தனாருக்கு இருக்கும் பாதுகாப்பைப் பாருங்கள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், வங்கி உத்தரவாதம் கட்டியிருக்க வேண்டும். தொழிலாளியிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு உண்டு. முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். அந்தச் சட்டத்தையும் மீறுகிறவர்கள் உண்டு. ஆனாலும் புகார் கொடுக்க ஓர் இடமும், பிடிக்க ஒரு பிடியும் இருக்கின்றன. வேலைக்குப் போகிறவருக்காக எழுதப்பட்ட அந்தச் சட்டம், படிக்கப் போகிறவரைக் கணக்கில் கொள்ளவில்லை. பல லட்சம் ரூபாயைக் கட்டும் மாணவரின் குடும்பத்துக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று சரிபார்க்க அப்படி ஒரு பட்டியல் இல்லை.

இந்தத் தொழிலில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயத்தின் மையம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா நாடுகளின் பல கல்வி நிறுவனங்கள், தங்களிடம் சேர்த்துவிடப்படும் மாணவரின் கட்டணத்தில் ஒரு பங்கை ஏஜென்சிக்குக் கமிஷனாகத் தருகின்றன. இது சட்டவிரோதம் அல்ல. ஆனால் ‘எங்கள் சேவை முற்றிலும் இலவசம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து வரும் பெற்றோருக்கு, அந்த இலவசத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழை வாங்கி, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு ஏறத்தாழ 12,000 யூரோவை பிளாக்டு அக்கவுன்ட்டில் போட்டுக் காட்ட வேண்டும். கட்டணமே இல்லாத இடத்தில் அதில் பங்கு எங்கிருந்து வரும்? நல்ல மதிப்பெண்ணோடு வரும் பொறியியல் பட்டதாரிக்கு அந்த வழியைச் சொல்லாமல், கமிஷன் தரும் ஒரு தனியார் கல்லூரியைக் காட்டினால் ஏஜென்சிக்கு லாபம், குடும்பத்துக்குக் கடன். எல்லாரும் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. செய்தால் கண்டுபிடிக்க வழியில்லை என்கிறேன்.

மாணவர் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் ஏஜென்சியின் வரவு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அவர் என்ன ஆனாலும் கணக்கில் மாற்றமில்லை. எடுத்துக்காட்டாக, பிரிட்டன் மாணவர் விசாவுக்கு, கட்டணத்தின் பாக்கியும் 9 மாதம் வரையிலான வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். போன இடத்தில் பிள்ளை திண்டாடக் கூடாது என்பதற்கான விதி இது. இங்கே அதற்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. வட்டிக்குப் பணம் வாங்கிக் கணக்கில் போட்டு, பேலன்ஸ் காட்டி, காரியம் முடிந்ததும் எடுத்துக் கொடுத்துவிடுவது. விசா கிடைத்துவிடும். ஆனால் மாணவர் லண்டனில் இறங்கும்போது காகிதத்தில் இருந்த பணம் கையில் இருக்காது. பட்டப்படிப்பு மாணவர் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. அந்தச் சம்பளம் மட்டும் வாழ்க்கைச் செலவுக்குப் போதாது. வரம்பை மீறி வேலை பார்த்தால் விசாவே போகும். இந்தக் குறுக்கு வழியைக் காட்டியவர் அந்த நேரத்தில் எங்கும் இருக்க மாட்டார்.

ஆகவே சட்டத்தில் மூன்று விஷயங்கள் வேண்டும். முதலாவது, கட்டாயப் பதிவும் வைப்புத் தொகையும், யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பட்டியலும். இரண்டாவது, பரிந்துரைக்கும் ஒவ்வொரு கல்லூரியிடமிருந்தும் கமிஷன் வருகிறதா, எவ்வளவு என்பதைப் பணம் வாங்கும் முன்பே தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். மூன்றாவது, விண்ணப்பத்துக்கான மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மாணவர் கையில் இருக்க வேண்டும். அனுப்பிய ஒவ்வொரு ஆவணத்தின் நகலும், வந்த ஒவ்வொரு பதிலும் அவரிடம் சேர வேண்டும். தன் பெயரில் என்ன அனுப்பப்பட்டது என்பதே தெரியாத மாணவர், அதற்குத் தண்டனை அனுபவிப்பது எந்த நியாயத்திலும் சேராது.

விசா மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது, மாநிலம் என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்கலாம். விசாவைப் பற்றி முடிவெடுக்கும்படி நான் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் நடக்கும் ஒரு தொழிலை ஒழுங்குபடுத்தும்படி கேட்கிறேன். பஞ்சாப் 2012-லேயே இதற்குச் சட்டம் இயற்றியது. ஹரியானா 2025-இல் இயற்றியது. அந்தப் பஞ்சாபில்தானே ஜலந்தர் மோசடி நடந்தது என்பது இன்னும் கனமான ஆட்சேபம். உண்மைதான். உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு விட்டால் அது சுவரில் மாட்டும் சட்டமாகத்தான் முடியும். அதனால்தான் கமிஷனைச் சொல்வதையும் ஆவணங்களைக் கொடுப்பதையும் நான் உரிமத்தைவிட முக்கியமாகக் கருதுகிறேன். இந்த இரண்டையும் சோதிக்க இன்ஸ்பெக்டர் வர வேண்டியதில்லை. மாணவரே சோதித்துக்கொள்ளலாம். பதினெட்டு வயதைக் கடந்தவர்கள் தங்கள் நலனைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டாமா என்ற கேள்விக்கும் இதுவே பதில். விவரம் கையில் இருந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களுக்கு இதனால் நஷ்டம் இல்லை. பொய் வாக்குறுதி கொடுத்து அவர்களிடமிருந்து ஆட்களை இழுப்பவர்களுக்குத்தான் நஷ்டம்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத வேலைகளும் உண்டு. ‘நூறு சதவீத விசா உத்தரவாதம்’ என்று எந்த முகவராலும் சொல்ல முடியாது, ஏனெனில் முடிவெடுப்பவர் அவர் அல்ல. அப்படி விளம்பரம் செய்கிறவர்களுக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இன்றே வழி இருக்கிறது. மாவட்ட நிர்வாகங்கள் இத்தகைய விளம்பரங்களைத் திரட்டி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அனுப்பலாம். அண்ணல் அம்பேத்கர் பெயரிலான திட்டத்தின் வழியே மாணவர்களை வெளிநாட்டில் படிக்க வைக்கும் அரசு இது. தங்கள் சொந்தக் கடனில் போகிறவர்களின் காவலும் அதே அரசின் கடமைதான். அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே இதற்கான மசோதாவைக் கொண்டுவர வேண்டும் என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கையை எதிர்பார்க்கும் குடிமக்களில் ஒருவர்