அருள் கூலியன்று

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை வேளாங்கண்ணியைத் தாக்கியது. கடற்கரையிலும் கடைத்தெருவிலும் இருந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். பேராலயத்துக்குள் நீர் புகவில்லை. உள்ளே இருந்தோர் பிழைத்தனர். அன்றுமுதல் நம்மவர் பலர் வாயில் ஒரு சொல் உலவுகிறது: "உள்ளே இருந்தவர்களுக்கு அருள் கிடைத்தது." பக்தியோடுதான் சொல்கிறார்கள். ஆயினும் இதை நாம் மறுத்தே ஆகவேண்டும். வெளியே நின்றவர்களுக்கு அருள் கிடைக்கவில்லை என்பது அதன் சொல்லப்படாத மறுபாதி.

வெளியே நின்றவர்கள் யார்? அதே அன்னையைத் தேடி இரவெல்லாம் பயணம் செய்து வந்தவர்கள். நேர்ந்துகொண்ட முடியை இறக்கிவிட்டுக் கடலில் குளிக்கச் சென்றவர்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்து அலை பார்த்து நின்றவர்கள். இவர்களை இறைவன் விலக்கிவைத்தார் என்று இவர்களுடைய புதைகுழி ஓரத்தில் நின்று சொல்லத் துணிவோமா? சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவரைவிடப் பெரும் பாவிகளோ என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று விடையும் சொல்லிவிட்டார் (லூக்கா 13). அதற்குமேல் நமக்கு என்ன விளக்கம் வேண்டும்?

நோயின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. களத்தில் நெல்லாகவே கூலி அளந்து பழகிய மண் இது. விண்ணகத்திலும் ஒரு மரக்கால் இருப்பதாக எண்ணுகிறோம். காவிரி நீரை உழவர் உரிமையோடு கேட்கிறார், கேட்கத்தான் வேண்டும். தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் 2018இல் அளந்தும் சொன்னது. அருளுக்கு அப்படியொரு பங்கீடு இல்லை. வழக்காடிப் பெறும் பொருளும் அன்று.

நேர்த்திக்கடனை நாம் பழிக்கவில்லை. குணமான கைக்கு வெள்ளியில் ஒரு கை செய்து வைப்பது நன்றி. குணமாவதற்கு முன்பணமாக வைத்தால் அது வணிகம். நம் பாட்டன்மார் ஞானோபதேசத்தில் 'தேவ இஷ்டப்பிரசாதம்' என்று படித்தார்கள். வடமொழி நெடி என்று அச்சொல்லை ஒதுக்கிவிட்டோம். (ஒதுக்கியதில் நமக்கு வருத்தமே.) இஷ்டம் கொடுப்பவருடையது, பிரசாதத்துக்கு விலை இல்லை. நம்மை நீதிமான்களாக்கும் அருளை, அதற்கு முற்பட்ட நம் விசுவாசமோ செயலோ ஈட்டித் தருவதில்லை என்று திரெந்து பொதுச்சங்கம் 1547இலேயே அறுதியிட்டது. லுத்தரன் சபையாரோடு 1999இல் ஆக்ஸ்பர்க் நகரில் கையொப்பமான கூட்டறிக்கையும் இதை உறுதி செய்தது. அவர்கள் 1706 முதல் தரங்கம்பாடியில் நமக்கு அண்டை வீட்டார்.

இது ஏட்டுச் சண்டை அன்று. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. ஒரு தலைமுறையின் உழைப்பு ஒரே இரவில் தரையில் கிடந்தது. "மாதாவுக்கு என்ன குறை வைத்தோம்?" என்று கேட்டு அழுத குடும்பங்கள் உண்டு. அந்தக் கேள்வியை அவர்கள் வாயில் வைத்தது கூலிக்கணக்குப் பக்திதான். தோப்பை இழந்தவனைக் குற்றவாளியும் ஆக்கி அனுப்புகிறது அது.

ஆழிப்பேரலைப் புதுமையை மறையுரையில் எடுத்துச் சொல்ல விரும்பும் குருக்களும் உபதேசியார்களும் ஒன்றை நினைத்துக்கொண்டு பேசட்டும்: அன்று பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் ஒருத்தி முன்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும்.