எவரெஸ்ட்டுக்கு வேறு வழியே இல்லையா?

நேபாளப் பக்கமாக எவரெஸ்ட் ஏற வேண்டுமென்றால் கும்பு பனியருவியைக் கடந்தே ஆகவேண்டும். டென்சிங்கும் ஹிலாரியும் போன வழி அது. ஆபத்துக்கு அஞ்சுகிறவர்கள் மலைக்கு வரக்கூடாது. ஒவ்வொரு ஏறும் பருவத்திலும் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். மூன்றுமே சரியான வாதங்கள் அல்ல.

முதலில், வழிவழியாக வந்த பாதை என்ற பெருமை. 1921இல் பிரிட்டிஷ் மலையேறி மல்லோரி ஒரு கணவாயின் மேல் நின்று இந்தப் பனியருவியைப் பார்த்தார். சரிப்படாது என்று ஒதுக்கினார். 1920களிலும் 30களிலும் பிரிட்டிஷ் குழுக்கள் திபெத் வழியாகவே முயன்றன. திபெத்தின் கதவு மூடி, நேபாளத்தின் கதவு திறந்த பிறகுதான் 1951இல் ஷிப்டன் குழு தெற்கிலிருந்து வழி தேடி வந்தது. மாற்றவே முடியாதது என்று இன்று சொல்லப்படும் பாதை, அரசியல் நெருக்கடியில் தேடிப் பிடித்த மாற்றுப்பாதைதான்.

அங்கே நிலையான பாதை என்று எதுவும் இருந்ததும் இல்லை. அடிவார முகாமுக்கும் முதல் முகாமுக்கும் நடுவே பாளம் பாளமாக உடைந்து இறங்கும் அந்தப் பனியாறு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நகர்கிறது. அதனால் ஆண்டுதோறும் ஏணியும் கயிறும் புதிதாகவே கட்டப்படுகின்றன. 2012இல், எவரெஸ்டின் மேற்குத் தோளில் தொங்கிக்கொண்டிருந்த பனிப்பாறைகளைப் பார்த்த மலையேற்ற நிறுவன உரிமையாளர் ரஸ்ஸல் பிரைஸ் தன் குழுவின் பயணத்தையே பாதியில் ரத்து செய்தார். பல நிறுவனங்கள் அவர் மிகைப்படுத்துகிறார் என்றே எண்ணின. 2014 ஏப்ரல் 18 அன்று அந்தத் தோளிலிருந்து பனி உடைந்து விழுந்தது. 16 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு பாதையைத் தோளிலிருந்து விலக்கி நடுப்பக்கமாகப் போட்டார்கள். முடியாது என்றவர்களாலேயே முடிந்தது, ஆனால் 16 உயிர் போன பிறகு.

அடுத்தது, ஆபத்தைத் தெரிந்துதானே ஏறுகிறார்கள் என்ற வாதம். யார் ஏறுகிறார்கள்? இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். பணம் கட்டி வருபவர் ஒரு பருவத்தில் பனியருவியைச் சில முறை கடக்கிறார். அவருடைய கூடாரத்தையும் ஆக்சிஜன் உருளையையும் சுமக்கும் ஷெர்பா இருபது, முப்பது முறை கடக்கிறார். எப்போது விழும் என்று சொல்ல முடியாத பனிப்பாறையின் கீழே, ஆபத்தின் அளவு அங்கே கழிக்கும் நேரத்தைப் பொறுத்தது. தைரியத்துக்கு அதில் வேலையே இல்லை. தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமை உண்டு. தன் சமையல் பாத்திரத்துக்காக இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்க உரிமை கிடையாது. 2014இல் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நேபாள அரசு முதலில் அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபாய். ஷெர்பாக்கள் கொதித்து எழுந்து அந்தப் பருவத்தையே நிறுத்தியதில் வியப்பில்லை.

சரி, மாற்று எது? திபெத்திய வடக்குப் பாதையில் இப்படியொரு பனியருவி இல்லை. 6,400 மீட்டர் வரை யாக்குகளே சுமை கொண்டுபோகும். 2014க்குப் பிறகு சில நிறுவனங்கள் அங்கே மாறின. அதுவும் சுகமான வழியல்ல. காற்று கடுமை, உச்சிக்கு அருகில் நெடுநேரம் இருக்க வேண்டும், பெய்ஜிங் நினைத்தால் அனுமதி நின்றுவிடும். தெற்கிலேயே இன்னொரு யோசனை உண்டு. 1988இல் துணை ஆக்சிஜன் இல்லாமல் ஒரே நாளுக்குள் உச்சியை எட்டிய பிரெஞ்சுக்காரர் மார்க் பதார், அடிவார முகாமுக்கு அருகிலுள்ள கோரக் ஷெப்பிலிருந்து நுப்ட்சே மலையின் பாறைப் பக்கமாக ஏறிப் பனியருவியைத் தவிர்க்கும் வழியைச் சில ஆண்டுகளாக முன்வைக்கிறார். பாறையில் ஏறும் உழைப்பு அதிகம். கல் விழும் அபாயம் உண்டு. ஆனால் பாறையில் அடித்த ஆணியும் கட்டிய கயிறும் பனியில் கட்டிய ஏணியைப்போல் நாளுக்கு நாள் இடம் மாறாது. முயன்றே பார்க்காமல் மாற்று இல்லை என்பது வாதமாகாது.

புதிய பாதை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உயரத்துக்கு உடலைப் பழக்க அருகிலுள்ள லோபுசே கிழக்குச் சிகரத்தில் ஏறினால் பனியருவியில் ஒரு சுற்றாவது மிச்சம். 2024இல் அடிவார முகாமிலிருந்து முதல் முகாமுக்கு ட்ரோன் சுமை தூக்கிக் காட்டியது. மனிதன் பல மணி நேரம் நடக்கும் தூரம் அது. இதெல்லாம் மலையேற்றத்தின் தூய்மையைக் கெடுக்கும் என்பவர்கள், அடிவாரம் முதல் உச்சி வரை கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள்.

ஷெர்பாக்களின் கூலி போய்விடும் என்ற கவலையை மட்டும் நான் மதிக்கிறேன், கும்பு பள்ளத்தாக்கின் அடுப்பு அந்தக் கூலியில்தான் எரிகிறது. அதற்குத் தீர்வு, நடைக்கும் சுமைக்கும் கணக்குப் பார்க்காமல் பருவம் முழுமைக்கும் சம்பளம் தருவது. பதாரின் பாதையும் கும்புவிலேயே தொடங்குகிறது. வழிகாட்ட, கயிறு கட்ட, முகாம் நடத்த அதே கைகள்தான் வேண்டும்.

2023 மே மாதம் முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் உச்சியை எட்டியபோது தமிழ்நாடே மகிழ்ந்தது. அதே பருவத்தில், ஏப்ரல் 12 அன்று, சுமையோடு போன மூன்று ஷெர்பாக்கள் பனியருவியில் புதையுண்டார்கள். இங்கிருந்து இனி புறப்படுகிறவர்களும் அவர்களுக்குப் பணம் தரும் அரசும் கொடையாளர்களும் மலையேற்ற நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எங்கள் சுமைக்காக உங்கள் ஆட்கள் பனியருவியை எத்தனை முறை கடப்பார்கள்? எண்ணிக்கையை எழுத்தில் தராத நிறுவனத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.