உம்மாவின் காலடியில் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல்



வீட்டில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை என்றால் நாம் எல்லோரும் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டு நிற்போம். நோயாளியை வெளியே கொண்டுவந்ததும், "அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் முடிந்தது" என்று ஆறுதல் அடைவோம். ஆனால், தாதியரின் முக்கியமான வேலையொன்று அப்போதுதான் ஆரம்பமாகிறது. அதை அறியாமல் நான் செய்யப்போன தவறொன்றை இம்மாதம் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் என் உம்மா வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து சத்திரசிகிச்சை நடந்தது. வார்ட்டுக்கு வந்தபோது அவரது தோள்கள் நடுங்கின. பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. "குளிருது மகன்" என்றார். கையைத் தொட்டேன், ஐஸ் போல இருந்தது. உடனே ராத்தா கொண்டுவந்திருந்த பிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீரை ஒரு போத்தலில் ஊற்றி, துவாயில் சுற்றி, போர்வைக்குள்ளே உம்மாவின் காலடியில் வைத்தேன்.

அதைக் கண்ட தாதி வேகமாக வந்து போத்தலை வெளியே எடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. "உம்மா குளிரில் நடுங்குகிறாரே!" என்றேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "மவ்லவி, உம்மாவுக்கு இப்போது காலில் உணர்ச்சி இல்லை. தோல் வெந்தாலும் அவவுக்குத் தெரியாது."

நான் வாயடைத்துப் போனேன். உம்மாவின் நோவைத் தீர்க்கப் போன நானே அவரது காலைச் சுட்டிருப்பேன்!

பின்பு அத்தாதி செய்தவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். 35.2 பாகை செல்சியஸ். டொக்டருக்கு அறிவித்தார். ஈரமாகியிருந்த விரிப்பை மாற்றினார். உலர்ந்த போர்வைகள் இரண்டைப் போர்த்தி, தலையையும் மூடினார். மின்விசிறியை நிறுத்தினார். கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையையும், நாடித்துடிப்பையும், இரத்த அழுத்தத்தையும் பார்த்துக் குறித்தார். 36 பாகையைத் தாண்டிய பின்னரே அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது? நமது உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை. குளிர் பட்டால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி அந்த வெப்பத்தை உள்ளே காத்துக்கொள்ளும். மயக்க மருந்து இந்தக் காவலைத் தளர்த்திவிடுகிறது. முதுகில் போடும் ஊசியும் அப்படியே. குழாய்கள் விரிந்து, உள்ளேயிருந்த வெப்பம் கைகால்களுக்குப் பரவி வெளியேறுகிறது. முதல் ஒரு மணித்தியாலத்திலேயே ஒரு பாகைக்கு மேல் குறையலாம். தியேட்டரின் குளிரும், திறந்திருக்கும் காயமும், சூடாக்காமல் ஏற்றும் சேலைனும் அதனை மேலும் குறைக்கின்றன.

36 பாகைக்குக் கீழே இறங்கினால் அதை உடல்வெப்பக் குறைவு என்பர். இரத்தம் உறைவது தாமதிக்கும். மருந்துகள் உடலை விட்டு நீங்கவும் நேரமெடுக்கும். நடுக்கம் ஒட்சிசன் தேவையைக் கூட்டுவதால் இருதய நோயாளிக்கு அது பெரும் பாரம். 1996 இல் வெளியான ஆய்வொன்றில், பெருங்குடல் மற்றும் மலக்குடல் சத்திரசிகிச்சைக்குள்ளான 200 பேர் அவதானிக்கப்பட்டனர். சராசரி 34.7 பாகைக்குக் குளிர்ந்தவர்களில் 19 வீதமானோருக்குக் காயத்தில் கிருமி தொற்றியது. சூடாக வைக்கப்பட்டோரில் 6 வீதமானோருக்கே தொற்றியது. 2022 இல் வெளியான, 5000 இற்கும் அதிகமானோரைக் கொண்ட ஆய்வில், 35.5 பாகையில் வைக்கப்பட்டோருக்கும் 37 பாகையில் வைக்கப்பட்டோருக்கும் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனவே சிறிது குறைந்தவுடன் பதற வேண்டியதில்லை. ஆனால், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அளந்தால்தானே அறியலாம்! நைஸ் என அழைக்கப்படும் இங்கிலாந்து நிறுவனம் 2008 இல் வெளியிட்ட வழிகாட்டி, 36 பாகையை அடையும்வரை நோயாளியை வார்ட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்கிறது. வசதியுள்ள இடங்களில் சூடான காற்றை ஊதும் போர்வையும் பாவிக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை என்ன?

சத்திரசிகிச்சைக்குப் போகும் முன்னரே குளிர்ந்தால் அதைத் தாதியிடம் சொல்லுங்கள். கம்பளிப் போர்வை, காலுறை, தொப்பி முதலியவற்றைக் கொண்டுபோய், அனுமதி கேட்டுப் பாவியுங்கள். ஆடையோ விரிப்போ ஈரமாக இருந்தால் உடனே அறிவியுங்கள். வயோதிபர் சிலர் நடுங்கவும் மாட்டார்கள். கை குளிர்ந்து, தூக்கக் கலக்கத்தோடு கிடப்பார்கள். அவர்களை விசேடமாகக் கவனியுங்கள்.

சுடுதண்ணீர்ப் போத்தல் வேண்டாம். தைலம் பூசினால் சூடு போலத் தெரியுமே தவிர உடல்வெப்பம் உயராது. தாதி அனுமதிக்கும்வரை சுடச்சுடத் தேநீர் பருக்கவும் வேண்டாம். மயக்கம் தெளியாதவருக்கு அது புரையேறலாம். சுகம் விசாரிக்கப் போவோர் காயத்தைப் பார்க்கவென்று போர்வையை விலக்காதீர்கள்.

இன்னொன்று. வீட்டுக்கு வந்து சில நாட்களின் பின் குளிரும் நடுக்கமும் வந்தால் அது வேறு விடயம். கிருமித் தொற்றாக இருக்கலாம். போர்வையால் மூடி வைத்துக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அன்று நான் அந்தத் தாதியிடம் மன்னிப்புக் கேட்டேன். "கோபிக்கிறவர்களை விட, கேட்காமல் போத்தலை வைக்கிறவர்களுக்குத்தான் எனக்குப் பயம்" என்றார். நோயாளியின் மீது நமக்கிருக்கும் அன்பில் எவருக்கும் சந்தேகமில்லை. அந்த அன்போடு, "மிஸ், இதைச் செய்யலாமா?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்.