புரட்டாசியில் நாயனம் ஏன் சும்மா இருக்கணும்? நெல்லைக்குத் தேவை ஓர் இசைப் பருவம்

புரட்டாசி பிறந்தால் கல்யாணம் கிடையாது. தாமிரபரணிக் கரை ஊர்களில் நாயனம், தவில் வாசிக்கிறவர்களுக்கு இது பழகிப்போன கணக்கு. ஆடி சும்மா போச்சு, ஆவணியில் நாலு முகூர்த்தம் வந்துச்சு, திரும்பப் புரட்டாசியில் ஃபோன் அடிக்காது. கோயில் வேலை உள்ளவர்களுக்கு நவராத்திரி ஒன்பது நாள் ஓடும். மற்றவர்கள் ஐப்பசி முகூர்த்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

வியன்னா, லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களில் கதை நேர்மாறு. கோடை விடுமுறை முடிந்து செப்டம்பர், அக்டோபரில்தான் அங்கே இசைப் பருவம் களைகட்டும். பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் ஒரு பக்கம் இருக்க, சின்னக் கூடங்களில் நூறு பேருக்கும் குறைவான ரசிகர்கள் முன்னால் 'சேம்பர் மியூசிக்', ஜாஸ் கச்சேரிகள் நடக்கும். இலையுதிர் காலம்னாலே டிக்கெட் வாங்கும் காலம்.

நம்ம ஊரில் இசை கேட்கும் பழக்கம் உள்ள இளைஞர்கள் அதே ஆர்வத்தோடு டிசம்பர் லீவைச் சேர்த்து வைக்கிறார்கள், சென்னைக்குப் போக. 2023 செப்டம்பரில் வந்தே பாரத் ஓட ஆரம்பித்த பிறகு எழும்பூர் சுமார் எட்டு மணி நேரம்தான். மார்கழிக்குச் சென்னை போவதில் தப்பு ஒண்ணும் இல்லை. ஆனால், கலைஞர்கள் வேலை இல்லாமல் இருக்கும் ஒரு மாதமும், கேட்க ஆள் இருக்கும் ஓர் ஊரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் சந்திக்காமல் போவது ஏன்? நெல்லைக்குச் சொந்தமாக ஒரு புரட்டாசி-ஐப்பசி இசைப் பருவம் வேணும் என்கிற வாதத்தின் அடிப்படை இதுதான்.

'சேம்பர்'னா என்ன?

சேம்பர் என்றால் அறை. அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிரபுக்களின் வீட்டுக் கூடங்களில் நாலைந்து பேர் மட்டும் வாசித்த இசைக்கு அந்தப் பெயர். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்தால் ஸ்ட்ரிங் குவார்ட்டெட். நடத்துநர் கிடையாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வாசிப்பார்கள்.

வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம்: கர்நாடகக் கச்சேரியும் கணக்குப்படி ஒரு குவார்ட்டெட்தான். அரண்மனைகளிலும் செல்வந்தர் வீடுகளிலும் ஒலித்ததுதான் அதுவும். சபாக்களின் பெரிய அரங்குகளும், 1930களில் பரவிய மைக்கும் வந்த பிறகுதான் அறை இசை அரங்க இசையாச்சு. கூட்டம் சேர்ந்தது, நல்லதுதான். ஆனால், தம்புராவின் சுருதி காதில் விழும் தூரத்தில் உட்கார்ந்து கேட்கும் அனுபவம் கைவிட்டுப் போச்சு.

150 கிலோமீட்டரில் ஒரு முன்மாதிரி

இப்படி ஓர் இலையுதிர்கால அறைக் கச்சேரிப் பருவத்தைப் பார்க்க வியன்னா போக வேண்டாம். நெல்லையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டரில், திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் ஒவ்வொரு ஆண்டும் ஒன்பது மாலை கச்சேரி நடக்கிறது. சுவாதித் திருநாள் (1813-1846) இயற்றிய ஒன்பது கீர்த்தனைகள். நாளுக்கு ஒன்றுதான் பிரதானம். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, அடுத்து சாவேரி, தோடி, பைரவி எனப் போய் ஒன்பதாம் நாள் ஆரபியில் முடியும். எண்ணெய் விளக்கு வெளிச்சம். ஒலி நன்றாகப் பரவ, மேலே கவிழ்த்துத் தொங்கவிட்ட மண்பானைகள். கைதட்டக் கூடாது.

இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு இருக்கு. அந்த மண்டபத்தில் கொலு வீற்றிருக்கும் சரஸ்வதி, குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்திலிருந்து போகிறவள். திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகும், வருஷா வருஷம் ஊர்வலமாகப் போய்த் திரும்பி வருகிறாள். கூடவே குமாரகோவில் முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும். 1956இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் பயணம் நிற்கவில்லை.

ஆனால், இந்த மண்டபத்தை அப்படியே நகலெடுக்கக் கூடாது. 2006இல் பாறசாலை பொன்னம்மாள் பாடும் வரை அந்த மேடையில் பெண்களுக்கு இடமில்லை. சரஸ்வதிக்கு நடக்கும் விழாவில்! சின்ன அறை என்றால் நெருக்கம் கிடைக்கும். யாரை உள்ளே விடுவது என்று வாசலில் நிற்கிறவர் முடிவு செய்யும் ஆபத்தும் கூடவே வரும். புதிதாகத் தொடங்கும் எந்தப் பருவமும் இதை முதல் நாளே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

வயலின் வந்த வழி

எட்டயபுரம் இன்று தூத்துக்குடி மாவட்டம். 1986 வரை திருநெல்வேலி மாவட்டம். பாரதி பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் தீபாவளி நாளன்று மறைந்ததும் அங்கேதான். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அந்த ஊர் அரண்மனை வித்துவான். சென்னையில் இருந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். இன்று எந்தக் கச்சேரியிலும் பாடகரின் பக்கத்தில் இருக்கும் அந்த வெளிநாட்டு வாத்தியம், கரிசல் பூமியின் ஒரு சமஸ்தானத்தில் வளர்ந்தது என்பது நம்ம ஆட்களே அதிகம் சொல்லாத விஷயம்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. கும்பினி பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதினார். 'நோட்டுஸ்வர சாகித்தியம்' என்று பெயர். இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டே அதில் ஒன்று. இன்று ஃபியூஷன் என்று போஸ்டர் அடிப்பதை, இருநூறு வருஷத்துக்கு முன்னால் போஸ்டர் இல்லாமல் செய்திருக்கிறார். திருநெல்வேலி காந்திமதி அம்மன் மேல் அவர் பாடிய ஹேமவதி ராகக் கீர்த்தனை இன்றும் மேடைகளில் பெரிய உருப்படி.

தீட்சிதர் நினைவு நாள் தீபாவளியன்றே வருவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கு. அன்றைக்கு எல்லோரும் எண்ணெய்க் குளியலும் புதுத்துணியுமாக வீட்டில் இருப்பார்கள். எட்டயபுரம் வரை போக யாருக்கு மனசு வரும்? அதற்கு முந்தைய வாரங்களில் கச்சேரிகளைப் பரப்பி வைத்தால் சிக்கல் தீரும். நவராத்திரி ஓர் அமாவாசைக்கு மறுநாள் தொடங்குகிறது. தீபாவளி அடுத்த அமாவாசையை ஒட்டி வருகிறது. நடுவில் ஒரு நிலவு மாதம். நாலு வாரக் கடைசிகள். ஒரு பருவத்துக்கு அது போதும்.

நாயனமும் ஜாஸும்

சேரன்மகாதேவி பக்கத்தில், தாமிரபரணிப் பாசனத்து ஊர் காருகுறிச்சி. 1921இல் அங்கே பிறந்த அருணாசலம், டி.என்.ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்று, நாற்பத்து மூன்று வயதில் 1964இல் போய்விட்டார். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்ட அந்த நாயனம் இன்றும் யூடியூபில் ஓடுகிறது. படத்தில் கேட்டது சில நிமிஷம்தான். அவர் காலத்து ரசிகர்கள் நாயனம் கேட்டது திருவிழா ராத்திரிகளில், மணிக்கணக்கில். ஒரே ராகத்தை எழுதி வைக்காமல், அந்த நிமிஷத்தில் கற்பனை செய்து விரிப்பதுதான் நாயனக்காரரின் பலம்.

ஜாஸின் பலமும் அதுதான். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ நாகஸ்வரத்தைத் தேடிக் கற்று, தன் இசைத்தட்டுகளில் வாசித்தது தற்செயல் இல்லை. எதிர்த்திசையில், நாகஸ்வரக்காரரின் மகனான கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனைக் கர்நாடக இசைக்கு வளைத்தார். 'டூயட்' (1994) படத்தின் சாக்ஸபோன் அவருடையது. ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பாவோடு 2008இல் 'கின்ஸ்மென்' ஆல்பம் செய்தார். கின்ஸ்மென் என்றால் சொந்தக்காரர்கள். பெயரே எல்லாம் சொல்லிவிடுகிறது. நெல்லையில் ஒரு மாலை நாயனமும் சாக்ஸபோனும் ஒரே கல்யாணியை மாறி மாறி எடுத்தால் அதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

பாளையங்கோட்டையையும் விட்டுவிட முடியாது. அங்குள்ள தேவாலயப் பாடகர் குழுக்களுக்கு நான்கு குரலில் பிரித்துப் பாடுவது பழகிய வேலை. கிறிஸ்துமஸுக்கான பயிற்சிகள் தொடங்குவதும் கிட்டத்தட்ட இதே மாதங்களில். இவர்களும் ஒரே நகரத்தின் அறை இசைக்காரர்கள்தான். நாயனக்காரரும் இவர்களும் ஒருவரை ஒருவர் உட்கார்ந்து கேட்க ஒரு மேடை இல்லை, அவ்வளவுதான்.

கோயில்ல சும்மாவே கேட்கலாமே?

இதுதான் முதலில் வரும் எதிர்வாதம். நியாயமானதும்கூட. திருவிழாக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, எல்லோரும் வரலாம். அதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால், நாயனம் எந்த நிலைமையில் கேட்கப்படுகிறது என்று பாருங்கள். கல்யாணத்தில் பந்திக்கும் போட்டோ ஷூட்டுக்கும் நடுவில். கோயிலிலோ, தீபாராதனை நேரத்துக்குப் பல இடங்களில் ஸ்விட்ச் போட்டால் தானே அடிக்கும் மோட்டார் மேளம் வந்துவிட்டது. தவில்காரருக்கு அது சத்தம் மட்டும் இல்லை. ஒரு வேலை இடம் காலியானதற்கான அறிவிப்பு.

நெல்லையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு. மூன்று வருஷம் நாகஸ்வரமும் தவிலும் படித்து வெளியே வரும் பையனுக்கு முன்னால் இருப்பது முகூர்த்த நாள் காலண்டர் மட்டுமே என்றால், அவன் பெட்ரோல் பங்க் வேலைக்குப் போவதை யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு மணி நேரம், பேசாமல், தனக்காகவே வந்து உட்கார்ந்த அறுபது பேர் முன்னால் வாசித்தால் அவன் கையில் காசும் விழும். அவன் வாசிப்பும் மாறும். பந்தி நேரத்தில் தோடியை விரிக்க எந்த வித்துவானுக்கும் தோணாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறுபது இருக்கை, தலைக்கு 300 ரூபாய்: 18,000. மைக் செட், ஜெனரேட்டர், மேடை அலங்காரம் என்று எதுவும் இல்லாததால் பெரும்பகுதி கலைஞர்களுக்கே போகும். சென்னை சபாவின் முன்னணிப் பாடகருக்கு இது போதாது. ஆனால், இந்தப் பருவம் அவரை நம்பி நடக்க வேண்டியதில்லை. இடம்? புரட்டாசியில் கல்யாண மண்டபங்களும் காலிதான். அவற்றின் சாப்பாட்டுக் கூடம் கொஞ்சம் எதிரொலிக்கும். ஜமக்காளம் விரித்தால் பாதி சரியாகும்.

மழையும் சத்தமும்

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேணும். ஒன்று, நம்ம இலையுதிர்காலத்தில் இலை உதிராது, மழை கொட்டும். ஐப்பசி அடைமழையில் ஆற்றங்கரை மேடை போஸ்டரில் அழகாக இருக்கும். குறுக்குத்துறை முருகன் கோயிலே வெள்ளத்தில் முங்கும் ஊர் இது. 2023 டிசம்பரில் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. கூரை உள்ள இடம்தான் சரி. சேம்பர் என்ற யோசனை இங்கே ரசனை மட்டும் இல்லை, வானிலைக் கட்டாயமும்கூட.

இன்னொன்று, தவிலோடு நாயனத்தைச் சின்ன அறைக்குள் வைத்தால் காது தாங்காது. அது திறந்தவெளிக்கும் கல் மண்டபத்துக்கும் பிறந்த வாத்தியம். மைக் இல்லாமலே தெரு முழுக்கக் கேட்கும். வீணை, வயலின், வாய்ப்பாட்டு, முகவீணை அறைக்கு. நாயனம் பள்ளிக்கூடத்துப் பெரிய வராண்டாவுக்கோ கல் மண்டபத்துக்கோ என்று பிரித்துக்கொள்ளலாம். முகவீணை நாயனத்தின் குட்டி வடிவம், சத்தமும் குறைவு. அதை இன்று மேடையில் கேட்பதே அபூர்வம். ஒரு மாலையை அதற்கே ஒதுக்கினாலும் தகும்.

அனுமதிச் சிக்கலும் குறைவு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. மற்ற நேரத்திலும் எழுத்துபூர்வ அனுமதி வேணும். ஒலிபெருக்கியே இல்லாத கச்சேரிக்கு அந்த மனு எழுத வேண்டியதில்லை.

முதல் வருஷம் நாலு சனிக்கிழமை போதும். நவராத்திரி வாரத்தில் பாளையங்கோட்டை, அடுத்து நெல்லை டவுன், மூன்றாவது காருகுறிச்சி. கடைசி சனிக்கிழமை, தீபாவளிக்கு முன்னால், ஒரு வேன் பிடித்து எட்டயபுரம் போய் வயலின் மட்டும் கேட்டுவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பிவிடலாம்.