குற்றாலத்துல குளிச்சாச்சு... குட்டீஸுக்கு சித்திர சபையைக் காட்டியாச்சா?

சாரல் சீஸன் வந்துவிட்டால் சிவகிரி வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை புரோகிராம் ஒன்றுதான். புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியாக குற்றாலம். அருவிக் குளியல், ஈரத்துண்டோடு சூடான பஜ்ஜி, பை நிறைய சிப்ஸ், ரிட்டர்ன். இந்த லிஸ்ட்டில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது, குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி தெப்பக்குளத்தோடு அமைதியாக இருக்கும் சித்திர சபை.

நடராஜரின் ஐந்து சபைகளில் இதுவும் ஒன்று. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம், குற்றாலத்தில் சித்திரம். இங்கே நடராஜர் சுவர் ஓவியமாகவே வணங்கப்படுகிறார். சுற்றிலும் புராணக் காட்சிகள். சிவகிரிப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஆர்ட் கேலரி இதுதான்!

ஆனால், நாலு வயதுக் குழந்தையை நேராக உள்ளே அழைத்துப்போனால், இரண்டே நிமிடத்தில் ‘போலாம்மா’ என்று கையை இழுக்கும். அது குழந்தையின் தப்பு இல்லை. கதை தெரிந்த பெரியவர்களுக்குத்தான் அது திருவிளையாடல். குழந்தைக்கு அது ஒரே கூட்டமான சுவர். ஒரு படத்தை நின்று பார்க்கும் பழக்கம் முதலில் கண்ணுக்கு வர வேண்டும். அதற்கு வழி, படப் புத்தகம்.

மடியில் தொடங்கட்டும்

கையில் பிடிக்கலாம், விரல் வைத்துக் காட்டலாம், பிடித்த பக்கத்துக்குத் திரும்பத் திரும்பப் போகலாம். குழந்தையின் முதல் கேலரி படப் புத்தகம்தான். ஒருமுறை எழுத்துகளைப் படிக்காமல், படத்தை மட்டும் சேர்ந்து பாருங்கள். ‘இது என்ன கலர்? அது என்ன மிருகம்?’ என்று பரீட்சை வைக்க வேண்டாம்.

அமெரிக்காவில் ஃபிலிப் யெனவைன், அபிகெய்ல் ஹௌசன் இருவரும் உருவாக்கிய முறையில் மூன்றே கேள்விகள்தான். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்னவெல்லாம் தெரிகிறது? பதில் சரியா, தப்பா என்று திருத்தாமல் கேட்டுக்கொண்டாலே போதும்.

என்ன புத்தகம்?

செலவே இல்லாமல் தொடங்கலாம். பிரதம் புக்ஸ் 2015-ல் ஆரம்பித்த ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை, நட, ஓடு, பற’ புத்தகங்கள் பற்றி டீச்சரிடம் கேளுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், சென்னையின் துளிகா பதிப்பகம் இரண்டும் தமிழில் படப் புத்தகங்கள் வெளியிடுகின்றன.

பாரம்பரிய ஓவியத்துக்குக் கண்ணைப் பழக்க, தாரா புக்ஸின் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ அருமை. மத்தியப் பிரதேச கோண்டு ஓவியர்கள் மூவர் வரைந்த மரங்கள், கறுப்புத் தாளில் கையால் அச்சிடப்பட்டவை. விலை கூடுதல் என்பதால், நூலகத்தில் வாங்கிவைக்கச் சொல்லலாம்.

சபைக்குப் போனதும்...

* அருவிக்கு முன்பே போய்விடுங்கள். குளித்துக் களைத்த பிள்ளைக்குத் தூக்கம்தான் வரும்.

* எல்லாச் சுவரையும் காட்ட வேண்டாம். மூன்று ஓவியங்கள், பதினைந்து நிமிடம் போதும்.

* தேடும் விளையாட்டு வையுங்கள். ‘யாருக்கு நிறைய கை இருக்கு? யார் கோபமா இருக்காங்க?’

* கதையைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் குழந்தை சொல்லும் கதையைக் கேளுங்கள்.

* வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளும் கிரேயான்ஸும் கொடுங்கள். நடராஜருக்கு ஆறு கை வந்தாலும் ரப்பர் எடுக்காதீர்கள்!

முக்கியமாக ஒன்று. பழைய ஓவியச் சுவர்களில் சாவியால் பெயர் கீறிவைக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. தொடும் கையின் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும்கூட வண்ணத்தைக் கெடுக்கும். புத்தகம் கிழிந்தால் இன்னொன்று வாங்கலாம், இந்தச் சுவருக்கு மறுபதிப்பு கிடையாது. வெறுமனே ‘தொடாதே’ என்று அதட்டாமல் காரணத்தைச் சொன்னால் நாலு வயதுக்கும் புரியும். ‘உன் படத்தை யாராவது கிறுக்கினா எப்படி இருக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைக்கு ஆர்வம் வந்துவிட்டதா? அடுத்த லீவுக்கு, கடையநல்லூர் பக்கம் பாண்டியர் கால ஓவியத் தடயங்கள் உள்ள திருமலாபுரம் குடைவரை காத்திருக்கிறது. பையில் தண்ணீர் பாட்டிலோடு ஒரு படப் புத்தகமும் இருக்கட்டும்.