மருந்துக்கு வைத்த காசு எங்கே போனது?



நம் லயத்தில் நடக்கிற ஒரு கதையைச் சொல்லித் தொடங்குகிறேன். பிள்ளைக்கு இளைப்பு. மருந்துச் செலவுக்கென்று தாய் சம்பளத்துக்குச் சம்பளம் பத்து வெள்ளியை மைலோ டின்னில் போட்டு வைக்கிறாள். தீபாவளி வருகிறது. கடைப் பாக்கி கழுத்தைப் பிடிக்கிறது. "எடுத்துக்குவோம், அடுத்த மாசம் போட்டுடலாம்" என்கிறார் வீட்டுக்காரர். யாரும் திருடவில்லை, வீட்டுச் செலவுக்குத்தான் போனது. ஆனால் மழைக்காலத்தில் பிள்ளைக்கு மூச்சு வாங்கும்போது டின் காலி!

இதே கதை அமெரிக்க மாநில அரசாங்கங்களில் பில்லியன் கணக்கில் நடந்திருக்கிறது. 'சுகாதாரப் பகுதியில் பட்ஜெட்டைப் பற்றி என்ன பேச்சு?' என்று கேட்காதீர்கள். நோய் வருமுன் காக்கிற வேலை நிற்பதும் நடப்பதும் பட்ஜெட்டில்தான் முடிவாகிறது.

சிகரெட்டினால் நோயாளியான ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தே எங்கள் கஜானா கரைந்தது என்று அமெரிக்க மாநிலங்கள் சிகரெட்டுக் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டன. 4 மாநிலங்கள் முதலில் தனித்தனியாக ராசியாகிப் பணம் பெற்றன. 1998 நவம்பரில் மற்ற 46 மாநிலங்களுடன் பெரிய கம்பெனிகள் ஒப்பந்தம் செய்தன. முதல் 25 ஆண்டுகளுக்கு மட்டும் ஏறத்தாழ 206 பில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன. நல்ல வெற்றிதான். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி விடுபட்டுப் போனது. அந்தப் பணத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை!

பிறகு என்ன ஆனது? அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2000 முதல் 2005 வரையிலான நிதியாண்டுகளைப் பார்த்துக் கணக்குச் சொன்னது. 100 டாலரில் சுமார் 30 டாலர் சுகாதாரத்துக்குப் போனது. சுமார் 23 டாலர் பட்ஜெட்டில் விழுந்த துண்டை அடைக்கப் போனது. புகைபிடிக்கும் பழக்கத்தைத் தடுக்கும் வேலைக்குக் கிடைத்தது மூன்றரை டாலர்! கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்.

இந்தப் பணம் எப்படி இடம் மாறுகிறது? வழிகள் பல. வருகிற பணத்தை நேரே பொதுச் செலவில் சேர்த்துவிடுவது ஒன்று. இனி வரப்போகிற பல வருடப் பணத்தை இன்றைக்கே கடன் பத்திரமாக விற்று, மொத்தமாக வாங்கிச் செலவழிப்பது இன்னொன்று. மூன்றாவது வழிதான் கண்ணில் படாதது. சுகாதாரத்துக்குப் புகையிலைப் பணம் 10 டாலர் கொடுப்பார்கள். வழக்கமாகக் கொடுத்து வந்த 10 டாலரைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வார்கள். காகிதத்தில் புதிய உதவி. கையில் பழைய காசுதான்.

அரசாங்கத்தார் பக்கமும் நியாயம் உண்டு. அங்கே ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் வரவுக்குள் செலவை அடக்கியே தீர வேண்டும் என்பது சட்டம். 2001-க்குப் பிறகு வரி வருமானம் சரிந்தது. பள்ளிக்கூடத்தை மூட முடியுமா? வட கரோலினா மாநிலம் தன் பங்கில் பாதியைப் புகையிலைப் பயிரை நம்பி வாழ்ந்த ஊர்களுக்கு ஒதுக்கியது. ரப்பர் விலை விழுந்த நாட்களைப் பார்த்த நமக்கு அதைக் குறை சொல்ல மனம் வராது.

ஆனாலும் தோழர்களே, பள்ளிக்கூடம் மூடினால் மறுநாளே ஊர் கூடிக் கேட்கும். தடுப்பு வேலை நின்றால் யாரும் கேட்பதில்லை. அதனால்தான் முதல் வெட்டு அங்கே விழுகிறது.

மினசோட்டா மாநிலத்தில் இதற்கென்று சேர்த்து வைத்த நிதி சுமார் 1 பில்லியன் டாலர், 2003-ல் பட்ஜெட் ஓட்டையை அடைக்கப் போய்விட்டது. அந்த நிதியில் நடந்த இளைஞர் பிரச்சாரம் ஜூலையில் நின்றது. அப்போது, சிகரெட்டைத் தொடவே மாட்டோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத பிள்ளைகள் 100-க்கு 43 பேர். அந்த வருடம் முடிவதற்குள் 53 பேர்!

ஃபுளோரிடாவின் பாடம் இன்னும் பெரியது. அங்கே 1998-ல் பிரச்சாரம் தொடங்கியது. இரண்டே வருடத்தில், 11 முதல் 14 வயது மாணவர்களில் புகைபிடிப்போர் 100-க்கு 18-க்கு மேலிருந்து 11 ஆகக் குறைந்தனர். இவ்வளவு பலன் தந்த வேலைக்கே 2003-ல் பணம் ஏறக்குறைய முழுவதும் வெட்டப்பட்டது. மக்கள் சும்மா இருக்கவில்லை. 2006 நவம்பரில் வாக்குப் போட்டு மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். 2005-ல் வந்த புகையிலைப் பணத்தில் 15 சதவீதத்துக்குச் சமமான தொகை, விலைவாசிக்கு ஏற்பக் கூட்டி, ஆண்டுதோறும் தடுப்பு வேலைக்கே போக வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். ஆதரித்தவர்கள் 100-க்கு 61 பேர். டின்னுக்குப் பூட்டுப் போட்டது அதிகாரி அல்ல, பொதுமக்கள்!

இதில் நமக்கு என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. பணத்தை வென்று எடுப்பது பாதிச் சண்டைதான். எதற்கு என்று எழுதி வாங்குவது மீதிப் பாதி. சம்பள ஒப்பந்தத்தில் ஒரு சொல் விடுபட்டால் என்ன நடக்கும் என்பது சங்கத்துக்காரர்களுக்குத் தெரியாததா?

நம் நாட்டில் ஆஸ்பத்திரிகள் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. ஆனால் மாநில அரசாங்கத்துக்கும் தனி பட்ஜெட் உண்டு. அதை நிறைவேற்றுவது மாநிலச் சட்டமன்றம். மாநிலக் கணக்குகளைப் பற்றிய தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையும் அங்கேதான் வைக்கப்படுகிறது. சட்டமன்ற உறுப்பினர் அடுத்த முறை தோட்டத்துக்கு வந்தால், மாலை போட்டுவிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: "எங்க பக்கத்துக்குன்னு ஒதுக்கினது எவ்வளவு? அதுக்கே செலவானது எவ்வளவு?"

நம் கிளைக் கூட்டத்தில் வரவுசெலவு வாசிக்கும்போதும் டீ குடிக்கப் போய்விடாமல் அதே கேள்வியைக் கேளுங்கள். கேட்கிறவன் இருந்தால்தான் மருந்துக் காசு மருந்துக்குப் போகும்.